ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆட்டம்

ஜனவரி 9, வியாழன்

இன்றும் வேன் டிரைவரிடம் ஒரு டீ ஜெயித்தேன். இந்த வாரத்தில் மூன்றாவது.

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். பத்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டால் மிச்சம் இருபது நிமிஷம் பூல் மேஜை நம் கையில். எங்கேயோ மூடிப்போன ஹோட்டலிலிருந்து முதலாளி அள்ளிக்கொண்டு வந்து ஓய்வறையில் போட்ட மேஜை அது. இடது மூலைப் பையை நோக்கி லேசாகச் சரிந்திருக்கும். பச்சைத் துணியில் ஒரு கிழிசல். எங்கள் சலவை ஆலையின் தையல் பிரிவிலேயே ஒட்டுப் போட்டுவிட்டார்கள், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தைக்கிற அதே வெள்ளை நூலால்.

"அக்கா, உனக்கு அதிர்ஷ்டம் ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றான் டிரைவர். ஆமாம் என்று தலையாட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் ஒரு பூல் கிளப்பில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தவள் நான். காலையில் ஆளில்லாத நேரத்தில் எட்டு மேஜையும் எனக்குத்தான். இதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யார் ஆட வருவார்கள்? ஒரு பந்து, மிஞ்சிப்போனால் இரண்டு பந்து வித்தியாசத்தில்தான் ஜெயிப்பேன். நடுவில் சுலபமான ஒன்றைத் தவறவிட்டு "அய்யோ" என்று நாக்கைக் கடித்துக்கொள்வேன். அடுத்த தடவை என்னைப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு அவர்கள் டீ வாங்கப் போவார்கள்.

சொல்லாமல் வைத்திருப்பது இது ஒன்றுதானா?

ஜனவரி 12, ஞாயிறு

ட்யூட்டி. ஈர விரிப்பை இஸ்திரி ரோலருக்குள் தள்ளும்போது மணி பத்து.

பத்திலிருந்து ஐந்து வரை, எல்லா ஞாயிறும் மகள் எனக்கு. கோர்ட் எழுதிக் கொடுத்தது. ஆனால் ஆலை எனக்குத் தருவது மாதத்துக்கு ஒரே ஒரு ஞாயிறு. மற்ற வாரமெல்லாம் என் விடுமுறை செவ்வாய். செவ்வாய்க்கிழமை என் மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

பதினோரு வயது. என்னிடம் இருப்பதைவிட அப்பாவிடம் இருந்தால் நேரத்துக்குச் சாப்பிடுவாள், நேரத்துக்குத் தூங்குவாள் என்றார்கள் கோர்ட்டில். பொய்யும் இல்லை. அப்போது என் ஷிப்ட் வாரத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது. எதிர்த்துப் பேச வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

இங்கே எல்லோரும் அவள் என்னோடுதான் இருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். தையல் பிரிவு அம்மா கேட்டால்கூட "ஸ்கூல் போயிருக்கா" என்கிறேன். அது உண்மைதானே.

ஜனவரி 15, புதன்

டிரைவர் இன்று டீ வேண்டாம் என்றான். "குடிச்சுக் குடிச்சு வயிறு எரியுது. வேற ஏதாவது வெச்சு ஆடலாம்."

"என்ன வெக்கிற?"

"என்கிட்ட என்ன இருக்கு? ஞாயித்துக்கிழமைதான் இருக்கு." சிரித்தான்.

பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு எல்லா ஞாயிறும் விடுமுறை. டிரைவருக்கு உண்டு. பாய்லர் அண்ணனுக்கு உண்டு. விடுமுறை நாளை மாற்றிக்கொள்வதானால் வெள்ளிக்கிழமைக்குள் சூப்பர்வைசர் மேடத்தின் நோட்டில் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு பாதி வேலைதான். விரிப்பு மடிக்க இரண்டு கை இருந்தால் போதும், யார் கை என்று மேடம் கேட்பதில்லை.

"என் செவ்வாய்க்கு உன் ஞாயிறு" என்றேன். விளையாட்டாகச் சொல்வது போல.

இன்று சுலபமான பந்து எதையும் தவறவிடவில்லை. கடைசியாகப் போட வேண்டிய கறுப்பையும் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவன் பந்துகள் மூன்று மேஜையில் கிடந்தன. கவனிக்கவில்லை போல. தலையைச் சொறிந்துகொண்டு நோட்டில் கையெழுத்துப் போட்டான்.

ஜனவரி 19, ஞாயிறு

செருப்புக் கடைக்குப் போனோம். ஒரு நம்பர் சொன்னேன். கடைக்காரர் எடுத்து வந்ததில் அவள் கால் பாதிதான் போனது. "அம்மா, அது போன வருஷம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரர்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டு நம்பர் கூடியிருக்கிறது. எந்த மாதம் கூடியது?

"இப்ப எங்க போலாம்?" என்று ஐந்து மணி வரை நாலு தடவை கேட்டிருப்பேன். கடை, பூங்கா, மறுபடி கடை. என் அறைக்கு மட்டும் அழைத்துப் போவதில்லை. ஒற்றை ஜன்னல், ஒற்றைக் கட்டில். அவளுக்கு அங்கே அப்பா வீட்டில் தனி அறை இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இதுவும் டிரைவரிடம் ஜெயித்ததுதான். மழை. ஒரே குடைக்குள் நடந்தோம். அவள் தோள் இப்போது என் முழங்கை உயரத்தைத் தாண்டிவிட்டது. வேறு எழுத ஒன்றுமில்லை. எழுதவும் வேண்டாம்.

பிப்ரவரி 13, வியாழன்

டிரைவர் கழன்றுகொண்டான். அவன் மனைவி போன் பண்ணி, "இனிமே ஞாயித்துக்கிழமைய வெச்சு ஆடினா அந்த மேஜையிலேயே படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டாளாம். அவன் மடித்த விரிப்பெல்லாம் பூனை படுத்து எழுந்த மாதிரி இருந்தது என்று மேடமும் திட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. இனி யாரிடம் ஜெயிப்பது?

மூலையில் உட்கார்ந்திருந்த பாய்லர் அண்ணன் டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். ஐம்பத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டார். "நான் ஆடறேம்மா. அதே பந்தயம்தானே?"

அவர் ஆடி நான் பார்த்ததே இல்லை. குச்சியைக் கடப்பாரை மாதிரி பிடித்தார். முதல் அடியில் ஒரு பந்து மேஜையைவிட்டுக் குதித்துத் தண்ணீர்க் கேனுக்கு அடியில் ஓடியது.

பிப்ரவரி 27, வியாழன்

பாய்லர் அண்ணனிடம் மூன்றாவது ஆட்டம், மூன்றாவது ஞாயிறு. பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு பாவம்? அவள் முகத்தை வாரா வாரம் பார்க்கிறேன். போன ஞாயிறு அவளாகவே என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். கடந்த பிறகும் கொஞ்ச தூரம் விடவில்லை.

அவருக்கு ஆடத் தெரியாது என்றால் நான் என்ன செய்ய முடியும்?

மார்ச் 6, வியாழன்

இன்று நடந்ததை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

நிஜமாகவே ஒரு பந்தைத் தவறவிட்டேன். நடிப்பில்லை. நினைப்பு வேறெங்கோ இருந்தது. அவருடைய ஏழு பந்தும் எப்படியோ உள்ளே போயிருந்தன. கறுப்பு மட்டும் மிச்சம். அது சரிவு மூலையில், பையின் உதட்டிலேயே உட்கார்ந்திருந்தது. ஊதினால் விழும். குச்சியால் தட்டுகிற வெள்ளைப் பந்து நேர் பின்னால். முடிந்தது, இந்த ஞாயிறு போச்சு என்று குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டேன்.

அவர் குச்சி நுனி வழுக்காமல் இருக்கச் சாக்கட்டி தேய்த்தார். இதுவரை தேய்த்ததே இல்லை. குனிந்தார். மெத்தென்று தட்டினார். வெள்ளை கறுப்பை உரசாமல் ஒரு நூலிடை தள்ளிப் போய், ஓரத்தில் முட்டி நின்றது.

"சே" என்றார். அப்புறம் நான்தான் ஜெயித்தேன்.

அந்தச் சரிவில் அந்தப் பந்தைப் போடுவதைவிடப் போடாமல் விடுவதுதான் கஷ்டம். பந்தை மேஜைக்கு வெளியே பறக்கவிடுகிற மனுஷன். அவ்வளவு மெதுவாகத் தட்டத் தெரிந்த கை இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

மார்ச் 7, வெள்ளி

பாய்லர் அறைக்கே போய்க் கேட்டேன்.

"நேத்து வேணும்னே விட்டீங்க."

வால்வைத் துடைத்துக்கொண்டே, "கை நழுவிடுச்சும்மா" என்றார்.

"பொய் சொல்லாதீங்க அண்ணா."

துணியை மடித்து வைத்தார். "உனக்கு ஞாயித்துக்கிழமை வேணும். எனக்கு வேண்டாம். இதுல என்ன இருக்கு?"

"எனக்கு எதுக்கு வேணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"திங்கக்கிழமை நீ உள்ள வர்ற நடையே சொல்லுது. புள்ளையப் பாத்துட்டு வர்றவ நடை."

எல்லோருக்கும் நடுவில் துணியில்லாமல் நிற்பது போல இருந்தது. அவருக்குத் தெரிந்தால் வேறு யாருக்கெல்லாம் தெரியும்? நான் ஜெயித்தேன் என்று நினைத்ததெல்லாம் அவர் போட்ட பிச்சையா?

அவர் தன் கதையைச் சொன்னார், நான் கேட்காமலே. அவர் மனைவி, பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போனாராம். ஆறு மாதம் என்று பேச்சு. "பேரன் இப்போ ஸ்கூலுக்கே போறான். இவ இன்னும் வரல. சண்டை ஒண்ணும் இல்லம்மா. மத்த நாள் வேலையில போயிடும். ஞாயித்துக்கிழமைதான் வீடு ரொம்ப நீளமா இருக்கு."

நான் என்ன சொன்னேன்? "உங்க வீட்ல ஆள் இல்லேன்னா அதுக்கு என்னை எதுக்குச் சாக்கா வெச்சீங்க?" என்றேன். எழுதும்போது கூசுகிறது. நேராக மேடத்திடம் போய் நோட்டில் என் பெயரை அடித்துவிட்டு வந்தேன். எனக்கு யார் தயவும் வேண்டாம்.

மார்ச் 9, ஞாயிறு

ட்யூட்டி. அவளிடம் போனில் "இந்த வாரம் வர முடியலடா" என்றேன். அவள் சொன்னது: "சரிம்மா."

மாலை அவள் அப்பாவிடமிருந்து செய்தி. கெட்ட மனிதர் இல்லை, என்றைக்குமே இல்லை. எங்களுக்குள் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். நீச்சல் வகுப்பில் போன வியாழன் முதல் தடவையாக முழு நீளமும் நிற்காமல் நீந்தினாளாம். இன்றைக்கு அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று நீச்சல் உடையை ராத்திரியே பையில் வைத்திருந்தாளாம். "உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னா. ஆனா உனக்குத் தெரியணும்னு தோணுச்சு."

யாருக்கு முன்னால் நிமிர்ந்து நிற்க இதைச் செய்தேன்? என் ரோஷத்துக்கு அந்தப் பையைப் பிரித்து மறுபடி அடுக்கியவள் அவள்.

மார்ச் 13, வியாழன்

சாப்பிட்டுவிட்டுப் பாய்லர் அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தேன். "அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது அண்ணா."

"எப்படிப் பேசின?" என்றார், மறந்துபோனவர் மாதிரி.

"இந்த ஞாயிறு எனக்கு வேணும். ஆட்டமெல்லாம் வேண்டாம். கேட்டு வாங்கிக்கறேன்."

"கேட்டுட்டல்ல, எடுத்துக்கோ." எழுந்து போய்ப் பந்துகளை முக்கோணச் சட்டத்தில் அடுக்கினார். "வா, டீக்கு ஆடலாம்."

டீயையும் அவரே தோற்றார். தோற்றாரா, விட்டாரா, நான் கேட்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நீச்சல் குளத்தில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மர பெஞ்சில் உட்கார்ந்து அவள் நீந்துவதைப் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் வேகம் குறைந்தது. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். கரை தொட்டாள். தலையைத் தூக்கி முதலில் தேடியது தோழியை. அடுத்து என்னை.

இரண்டாவதும் ஓர் இடம்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

அவளே போன் பண்ணினாள். "அம்மா, இந்த ஞாயிறு ஃப்ரெண்டு வீட்டுக்கு எல்லாரும் போறோம். நீ வராத. கோவமா?"

"சே, எதுக்குக் கோவம்? போயிட்டு வா."

போனை வைத்த பிறகும் அந்த ஓய்வறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினோரு வயசு. இனி இது கூடிக்கொண்டேதான் போகும். ஞாயிறுகளுக்காக ஊரோடு மல்லுக்கு நின்றேன். அவளுக்கு அது வாரத்தில் ஒரு நாள்.

பாய்லர் அண்ணனின் ஞாயிறு என் பெயரில் நோட்டில் இருக்கிறது. என் அறையில், அந்த ஒற்றை ஜன்னலுக்கு முன்னால், பத்திலிருந்து ஐந்து வரை... முடியாது. என்னால் முடியாது.

ஏப்ரல் 4, வெள்ளி

"இந்தாங்க, உங்க ஞாயிறு. எனக்கு வேண்டாம்" என்றேன்.

"எனக்கு மட்டும் எதுக்கு?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

"ஆடலாம்" என்றார். "தோக்கறவங்க ஞாயித்துக்கிழமை லீவு எடுத்துக்கணும்."

"நீங்க தோத்தா வீட்ல உக்காரக் கூடாது. பஸ் ஏறி அண்ணியைப் போய்ப் பாக்கணும்."

அவர் எழுந்தார். குச்சியை எடுத்துச் சாக்கட்டி தேய்த்தார்.

அப்புறம் நடந்ததை எப்படி எழுதுவது? அந்த மனிதர் ஆடினார்! கடப்பாரைப் பிடியெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒவ்வொன்றையும் போட்டுவிட்டு வெள்ளைப் பந்தை அடுத்ததற்குத் தோதாகக் கொண்டுவந்து நிறுத்தினார். டிரைவர் கையில் வைத்திருந்த ரொட்டியை மறந்து நின்றான். "அண்ணே, நீங்களா இது?" சின்ன வயதில் பாய்லர் வேலைக்குக் கப்பலில் போயிருந்தாராம். கப்பல் நின்ற துறைமுகத்தில் எல்லாம் ஆடியிருக்கிறாராம். நான் இத்தனை மாதமாக ஒன்றிரண்டு பந்தை ஒளித்து வைத்து ஆடினேன். அவர் மொத்த ஆட்டத்தையும் ஒளித்து வைத்திருந்தார்.

நானும் ஒளிக்கவில்லை. எத்தனை வருஷம் ஆயிற்று இப்படி ஆடி! உள்ளங்கை வியர்த்து, காதுக்குள் ரத்தம் அடித்து, ஒரு பந்துக்கு மேஜையை இரண்டு தடவை சுற்றி வந்து. கிளப்பில் காலை வெளிச்சத்தில் தனியாக ஆடுவேனே, அந்தப் பெண் எங்கேயோ உயிரோடுதான் இருந்திருக்கிறாள்.

அவருக்குக் கறுப்பு மட்டும் மிச்சம். எனக்கு ஒரு பந்தும் கறுப்பும். அவர் குறி பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். அந்தக் கிழிசல் தையலில் ஏறி வெள்ளை துளி விலகியது. கறுப்பு பையின் உதட்டில் மோதித் திரும்பியது. அவர் முகத்தைப் பார்த்தேன். இது விட்டுக்கொடுத்தது இல்லை.

என் பந்தைப் போட்டேன். கறுப்பையும் போட்டேன்.

"போயிட்டு வாங்க அண்ணா" என்றேன். அவர் குச்சியைச் சுவரில் சாய்த்தார். "என்ன சொல்லிக்கிட்டுப் போய் நிக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ட்யூட்டி. பன்னிரண்டு மணிக்கு அவளிடமிருந்து ஒரு போட்டோ. ஐந்து பெண்கள் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு. எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. எது என் பெண் என்று கண்டுபிடிக்க ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடி.

ஏப்ரல் 10, வியாழன்

பாய்லர் அண்ணன் மூன்று நாள் வரவில்லை. இன்று வந்தார். சவரம் செய்த முகம்.

கதவைத் திறந்ததும் அவர் மனைவி கேட்டது, "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" அப்புறம் சமையலறையில் வைத்து, "ஒரு தடவையாவது வான்னு கூப்பிட்டீங்களா?" இவர், "நீ வர்றேன்னு சொல்லவே இல்லையே."

"ரெண்டு வருஷம்மா" என்றார் என்னிடம். "அவ அங்க உக்காந்து நான் கூப்பிடுவேன்னு. நான் இங்க உக்காந்து அவ வருவான்னு."

ஏப்ரல் 25, வெள்ளி

அவருக்கு இன்று கடைசி நாள். மனைவிக்கு அந்த ஊர் பிடித்துவிட்டதாம், இவரே அங்கே போகிறார். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டார் பார்க்கிற வேலை. டீக்கு ஒரு ஆட்டம் ஆடினோம். இரண்டு பேரும் ஒழுங்காக ஆடினோம். நான் தோற்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்ணுவ?" என்றார்.

"தெரியல."

"மேடத்துகிட்ட கேளேன்."

"என்னன்னு கேக்கறது?"

"என்கிட்ட கேட்ட மாதிரி."

மே 2, வெள்ளி

கேட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். மகள் அப்பாவோடு இருக்கிறாள், எனக்கு ஞாயிறு மட்டும்தான் என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன். "பைத்தியமா நீ?" என்றார் மேடம். "சூதாடி லீவு வாங்கிட்டு இருந்தியே, வாயத் தெறந்து கேட்டா என்ன?" பிறகு குரல் இறங்கி, "மாசத்துக்கு ரெண்டுதான் முடியும். நிரந்தரமா எழுதிடறேன்."

நான்கு இல்லை, இரண்டு. ஆனால் யாரையும் தோற்கடித்து வாங்கியது இல்லை.

வெளியே வந்து டிரைவரிடமும் சொல்லிவிட்டேன், கிளப்பில் வேலை பார்த்ததை. வாயைப் பிளந்தான். "அடிப்பாவி அக்கா! என் பெண்டாட்டிகிட்ட எத்தனை திட்டு வாங்கினேன்!" ஓர் ஆட்டம் ஆடச் சொன்னான். அவன் ஒரு பந்துகூடத் தொடுமுன் முடித்துவிட்டேன். கைதட்டினான்.

மே 18, ஞாயிறு

நேற்று போனில் அவள் கேட்டாள்: "நீ வர்றியா, இல்ல நான் வரட்டுமா? அப்பா தனியா பஸ்ல போகலாம்னு சொல்லிட்டார்."

பத்து மணி பஸ்ஸுக்கு ஒன்பதரைக்கே போய் நின்றேன். முதுகில் பையோடு இறங்கினாள். நடத்துநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

"எங்க போலாம்?" என்று கேட்க வாயெடுத்தேன். "உன் ரூமுக்குப் போலாம்மா. காலைல ஆறு மணிக்கே எழுந்துட்டேன், தூக்கமா வருது" என்றாள்.

அறையைச் சுற்றிப் பார்த்தாள். சாப்பிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். ஒரு மணியிலிருந்து தூங்குகிறாள். கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேனா சத்தம் கேட்குமோ என்று அவ்வப்போது நிறுத்திப் பார்க்கிறேன்.

நாலு ஐம்பது. அவள் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன்: அவள் இன்னும் தூங்குகிறாள், ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க எழுப்பட்டுமா?

பதில் வந்தது: "எழுப்பாத. எந்திரிச்சப்புறம் அனுப்பு."